மோத்திக்கு மூன்று தட்டு

முடிச்சூரில் என்னைக் 'குதிரை ஏழுமலை' என்றுதான் சொல்வார்கள். ஓய்வு பெற்று ஊருக்கு வந்த புதிதில், பட்டாளத்தில் என்ன வேலை என்று கேட்ட ஒருவரிடம் குதிரைப்படை என்று சொல்லித் தொலைத்தேன். அதோடு சரி. ரேஷன் கடை வரிசையிலோ தாம்பரம் மார்க்கெட்டிலோ யாராவது ஒருவர், "குதிரலாம் எப்டி கீது சார்?" என்று கேட்காமல் விடுவதில்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஏறக்குறைய முப்பது வருஷம் ஒரு குதிரைப்படை ரெஜிமென்ட்டில் இருந்து ரிசால்தாராக ஓய்வு பெற்றவன் நான். ஒரு நாள்கூடக் குதிரைமேல் ஏறியதில்லை.

எங்கள் ரெஜிமென்ட் மிகப் பழையது. வெள்ளைக்காரன் காலத்தில் நிஜக் குதிரைகளோடு தொடங்கியது. பிறகு குதிரைகள் போய் டாங்கிகள் வந்தன. குதிரைகள் போனாலும் குதிரைக்காரர்களின் பேச்சும் பழக்கமும் போகவில்லை. எங்களிடம் சிப்பாய்க்கு 'சவார்' என்று பெயர். சவாரி செய்பவன் என்று அர்த்தம். மற்றப் படைகளில் ஹவில்தார் என்றால் எங்களிடம் தஃபேதார், சுபேதார் என்றால் ரிசால்தார். அவர்கள் பியூகிள் ஊதுவார்கள், நாங்கள் டிரம்பெட் ஊதுவோம். டாங்கிக்குள் இடது பக்கமாகத்தான் ஏற வேண்டும். குதிரையில் அப்படித்தான் ஏறுவார்களாம். டாங்கியைக் கழுவி, கிரீஸ் வைத்து, சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புச் செயினைப் பார்க்கிற வேலையை இன்றைக்கும் லாயத்து வேலை என்றுதான் சொல்கிறார்கள். லாயம் எப்படி இருக்கும் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

இதையெல்லாம் ஊரில் யார் நம்புகிறார்கள்? இரண்டு வருஷத்துக்கு முன் திருநீர்மலையில் என் மச்சானுடைய மகனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்குப் படப்பையிலிருந்து ஒரு வெள்ளைக் குதிரையை வாடகைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். சரவெடி கொளுத்தியதும் அது மிரண்டு பின்வாங்கியது. குதிரைக்காரன் சொன்ன எதையும் கேட்கவில்லை. "மாமா, நீங்க சொன்னா கேக்கும், வாங்க" என்று என்னைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டார்கள். கடிவாளத்தில் கை வைத்தேனோ இல்லையோ, குடித்துவிட்டு ஆடிக்கொண்டிருந்த ஒருவன் தடுமாறி அதன் காலடியில் மல்லாந்து விழுந்தான். குதிரை ஒரு காலைத் தூக்கியது. அப்படியே நிறுத்தியது. பிறகு அவனைத் தாண்டி அந்தப் பக்கம் ஊன்றியது. அவன்மேல் ஒரு கீறல்கூட இல்லை. என் சாமர்த்தியம் என்று சொல்லி எனக்குச் சால்வை போர்த்தினார்கள். என் மனைவி மல்லிகா மட்டும், "அத்த பெருமாளுக்குப் போத்தியிருக்கணும்" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

போன தை மாதம் ஒரு மத்தியானம் எனக்கு ஒரு போன் வந்தது. பேசியவர் மேஜர் செந்தில். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர், எங்கள் ரெஜிமென்ட்டில் இப்போது அதிகாரியாக இருக்கிறார். நான் ஓய்வு பெற்ற சமயம் அவர் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்திருப்பார். எங்களைப் போன்ற ரிசால்தார்களை அதிகாரிகள் 'சாப்' என்று மரியாதையாகக் கூப்பிடுவது பட்டாள வழக்கம்.

"ரிசால்தார் சாப், நம்ம டாங்கிகளுக்குப் புது ஷெட் கட்டறோம்ங்க. முன் சுவத்துல நம்ம ரெஜிமென்ட் சம்பிரதாயம் ஒவ்வொண்ணையும் கல்லுல வெட்டி வைக்கறதா இருக்கு. அந்தப் பொறுப்பு என்கிட்ட வந்திருக்குது. மோத்தி விஷயத்துக்கு மட்டும் ஆதாரம் கெடைக்கல. பழைய ஆளுங்க எல்லாரும் உங்களக் கேக்கச் சொன்னாங்க."

மோத்தி என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

மோத்தி விஷயம் இதுதான். எங்கள் ரெஜிமென்ட்டில் எந்த டாங்கியும் நின்ற இடத்தைவிட்டு நகருவதற்கு முன், அதன் ஆட்களில் ஒருவன் இறங்கிப் பின்னால் போக வேண்டும். ஸ்பேனரால் பின்தகட்டில் மூன்று முறை தட்ட வேண்டும். "ஹோ மோத்தி, ஹோ" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே சுற்றிவர வேண்டும். அதற்குப் பிறகுதான் டிரைவர் வண்டியை எடுப்பான். மோத்தி என்பது குதிரைக் காலத்தில் இருந்த ஒரு வெள்ளைப் பெண்குதிரை. உச்சி வெயிலில் ஒரு சவார் அதன் நிழலில் படுத்துத் தூங்கிவிட்டான். திடீரென்று டிரம்பெட் ஊத, மோத்தி பின்னால் காலெடுத்து வைத்து அவனை மிதித்துவிட்டது. அவன் செத்துப்போனான். அந்தத் துக்கத்தில் மோத்தி கொள்ளுத் தீனியைத் தொடாமல் பட்டினி கிடந்து தானும் செத்தது. அன்றிலிருந்து, முதுகைத் தட்டிப் பேர் சொல்லி எச்சரிக்காமல் எந்தக் குதிரையையும் நகர்த்தக் கூடாது என்று ரெஜிமென்ட்டில் கட்டளை. குதிரை டாங்கியானது, தட்டு மட்டும் நிற்கவில்லை.

மேஜர் தொடர்ந்தார். "இன்னொண்ணுங்க சாப். புது டாங்கில பின்னாடி கேமரா வந்தாச்சு. தட்டறதுக்கு ஆளை எறக்கி ஏத்தறதுல நேரம் போகுதுன்னு புது கமாண்டன்ட் நெனைக்கறார். நெஜமாவே குதிரை காலத்துச் சம்பிரதாயம்னா இருக்கட்டும், இல்லைன்னா நிறுத்திடலாம்னு சொல்லிட்டாரு. ஞாயித்துக்கிழம மெட்ராஸ் வர்றேன். நேர்ல வந்து கேட்டு எழுதிக்கட்டுங்களா?"

வாங்க சார் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். மோத்தி என்று ஒரு குதிரை இருந்ததே இல்லை. உயிரோடு இருப்பவர்களில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான். மல்லிகாவைச் சேர்த்தால் இரண்டு பேர்.

நான் பட்டாளத்தில் சேர்ந்த கதையில் பெரிதாக ஒன்றும் இல்லை. மீசை முளைக்கும்போது சேர்ந்தேன். மகாராஷ்டிரத்தில் பயிற்சி. ஓடினேன், உதை வாங்கினேன், இந்தி கற்றுக்கொண்டேன், சப்பாத்தியைப் பழகிக்கொண்டேன். பட்டாளத்துக்குப் போன எல்லாருக்கும் அந்தப் பகுதி ஒரே மாதிரிதான் இருக்கும். பிறகு ராஜஸ்தானத்தில் இருந்த எங்கள் ரெஜிமென்ட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே எனக்கு மேலே இருந்தவர் ரிசால்தார் குப்புசாமி சாப்.

வேலூர்ப் பக்கம் அவருக்கு. ஒல்லியாக இருப்பார், குரலை உயர்த்த மாட்டார். அவரிடம் ஒரு விநோதமான பழக்கம் உண்டு. யாரையும் நேராகத் திட்டமாட்டார். தப்புச் செய்தவனைப் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டு டாங்கியைத் திட்டுவார். "ஏண்டா, ஒனக்கு ஒரு வேள கிரீஸ் வெக்கக்கூட நாதியில்லியா? ஒன்னப் பாத்துக்கறவன் மட்டும் மூணு வேளயும் ரொம்பத் துன்றானே, நீ கேக்கக் கூடாதா?" என்பார். டாங்கி பேசாமல் நிற்கும். பக்கத்தில் நிற்பவனுக்கு நேராக நாலு அறை வாங்கியிருந்தால் தேவலை என்று இருக்கும். நானும் அப்படி நின்றிருக்கிறேன்.

லாயத்து வேலையில் அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது. வண்டி நின்றதும் முதல் காரியம், ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் வெறும் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பது. கை வைக்க முடியாதபடி சுட்டால் உள்ளே பேரிங் தேய்கிறது என்று அர்த்தம். கையுறையோடு தொட்டால் தெரியாது. அடுத்தது செயினின் கண்ணிகளை இணைக்கிற ஒவ்வொரு பின்னையும் சுத்தியலால் தட்டிக் காதால் கேட்பது. இறுக்கமான பின் ஒரு மாதிரி சத்தம் போடும், கழன்ற பின்னின் சத்தம் வேறு மாதிரி. அப்புறம் எண்ணெய், தண்ணீர், டீசல். அத்தனையும் முடிந்த பிறகுதான் நமக்குச் சோறு. முதலில் குதிரை வயிறு, அப்புறம் மனுஷன் வயிறு என்பது மெய்யாகவே குதிரைக் காலத்துச் சட்டம். அதில் கற்பனை ஏதும் இல்லை.

டாங்கியின் பீரங்கியைச் சுடுகிற கன்னராக நான் இருந்த சமயம் அது. பாலைவனத்தில் போர்ப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. இரண்டு நாளாக யாரும் தூங்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு கெட்டியான களித்தரையில் வண்டிகளை நிறுத்தினோம். என் டாங்கியின் வேலையை முடித்து, சாப்பிட்டு, மெஸ் டின்னைக் கழுவிக் கையில் வைத்துக்கொண்டு நிழலுக்கு இடம் தேடினேன். பாலைவனத்தில் மரம் ஏது. பக்கத்து டாங்கிக்குப் பின்னால் ஒரு பாய் அளவுக்கு நிழல் இருந்தது. பூட்ஸைக் கழற்றிவிட்டு அங்கே படுத்தேன். டின் தலைமாட்டில். டாங்கியைச் சுற்றிப் படுக்கக் கூடாது என்ற விதி அப்போதும் இருந்தது. வெயில் கொளுத்தும்போது எல்லாரும் படுத்துக்கொண்டுதான் இருந்தோம்.

பக்கத்து டாங்கியின் டிரைவர் மாதவன், திருச்சூர்க்காரன், என் வயதுதான். வண்டியைக் கொஞ்சம் பின்னால் தள்ளி நிறுத்தச் சொல்லி அவனுக்கு உத்தரவு வந்தது. காதை மூடுகிற தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு முன்பக்கமாக உள்ளே இறங்கி என்ஜினைக் கிளப்பினான். சுற்றிலும் பத்து வண்டிகள் உறுமிக்கொண்டிருந்தன. அதில் இதுவும் ஒன்று என்று என் காது விட்டுவிட்டது. பின்பக்கத்திலிருந்து சூடான காற்று என்மேல் அடித்திருக்கும். ராஜஸ்தான் மத்தியானத்தில் சூடான காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று யார் பார்த்தார்கள்?

குப்புசாமி சாப் தூரத்தில் இன்னொரு டாங்கிக்குச் செயின் மாட்டிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தவருக்கு டாங்கி பின்னால் போவதும் அதன் வழியில் என் கால்களும் தெரிந்திருக்கின்றன. கத்தினால் மாதவனுக்குக் கேட்காது, எனக்கும் கேட்காது. ஓடிவந்து எட்டவும் நேரமில்லை. அவர் கையில் செயின் பின்களை அடிக்கிற பெரிய சுத்தியல் இருந்தது. ஓடிக்கொண்டே அதைச் சுழற்றி டாங்கியின்மேல் எறிந்தார். இரும்புக்குள் உட்கார்ந்திருப்பவனுக்கு வெளியே போடுகிற எந்தச் சத்தமும் கேட்காது, இரும்பில் விழுகிற அடி மட்டும் மண்டைக்குள் கேட்கும். மாதவன் பிரேக் போட்டான். நான் கண் விழித்தபோது செயின் என் தலைக்கு ஒரு சாண் தள்ளி நின்றிருந்தது. தலைமாட்டில் வைத்திருந்த டின்னைக் காணோம். அது செயினுக்கு அடியில் இருந்தது.

வண்டியை முன்னால் நகர்த்தச் சொல்லி அந்த டின்னை எடுத்தார் சாப். அப்பளம் மாதிரி ஆகியிருந்தது. அதை என் கையில் கொடுத்தார். மாதவன் கீழே இறங்கி மண்ணில் உட்கார்ந்துவிட்டான். சாப் அவனையும் ஒன்றும் சொல்லவில்லை, என்னையும் ஒன்றும் சொல்லவில்லை. வழக்கம்போல டாங்கியிடம் போனார். "ஏண்டா, ஒனக்குப் பின்னாடி கண்ணுதான் இல்ல. வாயாச்சும் இருக்கக் கூடாதா? நான் வரேன், ஏந்திரிடான்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்றார். சொல்லிவிட்டு ஒரு லாரிக்குப் பின்னால் போனார். அங்கே அவர் வாந்தி எடுத்ததை நான் பார்த்தேன். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது.

மறுநாளே எழுத்தில் உத்தரவு வந்தது. வண்டியை நகர்த்துமுன் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று போர்டில் ஒட்டினார்கள். சில நாள் எல்லாரும் பயபக்தியாகச் செய்தார்கள். பிறகு அதிகாரி பக்கத்தில் இருந்தால் செய்தார்கள். அப்புறம் அதுவும் போயிற்று. ஒரு மத்தியானம் இன்னொருவன் நிழலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து சாப் அவனை எழுப்பி அனுப்பிவிட்டு, நெடுநேரம் அந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

அந்த வருஷம் ரெஜிமென்ட்டின் பிறந்த நாள் விருந்து வந்தது. அன்றைக்கு அதிகாரிகள் பரிமாறுவார்கள், சவார்கள் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சாப்பாட்டுக்கு நடுவில் குப்புசாமி சாப் எழுந்து, தன்னுடைய தாத்தா இதே ரெஜிமென்ட்டில் குதிரை ஏறியவர் என்று ஆரம்பித்தார். அவருடைய தாத்தா ஆற்காட்டில் வெற்றிலை வியாபாரம் செய்தவர் என்பது எனக்குத் தெரியும். மோத்தியின் கதையை முதல் முறையாக அன்றைக்குத்தான் கேட்டேன். மோத்தி கொள்ளுத் தீனியைத் தொடாமல் சவாரின் சமாதியைப் பார்த்தபடியே நின்றது என்று அவர் இந்தியில் சொன்னபோது, மலைபோன்ற ஒரு தஃபேதார் கறிக்குழம்பில் கையை வைத்துக்கொண்டு அழுதார். பரிமாறிக்கொண்டிருந்த கேப்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டாங்கிகள் வந்ததும் நாம்தான் மோத்தியை மறந்துவிட்டோம் என்று சாப் முடித்தார். மறுநாள் காலையிலிருந்தே தட்டு ஆரம்பமாகிவிட்டது.

தனியாக இருக்கும்போது நான் கேட்டேன். "சாப், அப்டி ஒரு குதிரை இருந்துச்சா?"

"நேத்துதான் பொறந்துச்சி" என்றார். "தோ பார் ஏழுமல. ஆர்டர்னு சொன்னா, பாக்கறதுக்கு ஆள் இருந்தாத்தான் செய்வான். சம்பிரதாயம்னு சொல்லு, தனியா இருந்தாலும் செய்வான். ஒன் தல ஒடம்புல கீதில்ல? பேசாத இரு."

பேசாமல்தான் இருந்தேன். ஒரு வருஷத்தில் ரெஜிமென்ட்டின் மற்றப் பிரிவுகளான ஸ்குவாட்ரன்களிலும் தட்ட ஆரம்பித்தார்கள். பார்வையிட வந்த ஒரு ஜெனரல், இந்தப் பழமையான மரபைக் கைவிடாதீர்கள் என்று பேசிவிட்டுப் போனார். சாப் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அவர் ஓய்வு பெற்று ரயில் ஏறியபோது என் தோளில் கை வைத்து, "பாத்துக்கோ, மோத்தி பட்டினி கெடக்கக் கூடாது" என்றார். அதற்குப் பிறகு புதிதாக வருகிற சவார்களுக்கெல்லாம் கதையைச் சொன்னவன் நான்தான். மோத்தியின் நெற்றியில் ஒரு கறுப்புப் பொட்டு இருந்தது என்று நானாகவே சேர்த்துக்கொண்டேன். என் காலம் முழுக்க எங்கள் ரெஜிமென்ட்டில் நிழலில் தூங்கியவன் ஒருவனும் நசுங்கவில்லை.

இப்போது கல்லில் வெட்டப் போகிறார்கள். வாயால் சொல்லும் கதை வேறு, கல் வேறு. அந்த ஷெட்டின் முன்னால் நிற்கப் போகிற ஒவ்வொருவனும் படித்துவிட்டு நம்பப் போகிறான். பொய் என்று சொன்னாலோ, தட்டு நின்றுவிடும். நாளைக்கு எவன் மகனோ ஒருவன் நிழலில் படுத்திருப்பான். கேமராவில் மண் அப்பியிருக்கும். எந்தப் பக்கம் யோசித்தாலும் எனக்கு வழி தெரியவில்லை.

மல்லிகாவிடம் சொன்னேன். அவள் மாவு அரைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாத்துக்கு இப்ப நோண்டிக்கினு? ஆமா, குதிர இருந்துச்சின்னு சொல்லிட்டுப் போ" என்றாள்.

"கல்லுல வெட்டப் போறாங்க மல்லிகா."

"வெட்டட்டும். நீ இன்னிக்கு உயிரோட கீறன்னா அந்த மனுசன் போட்ட சுத்தியால. அவரு பொய் சொன்னாருன்னு நீ உன் வாயால சொல்லப் போறியா? அவுரு செத்தும் போய்ட்டாரு. திரும்பி வந்து பதில் சொல்ல முடியுமா?"

குதிரை இருந்தது என்றே சொல்லிவிடுவதாக முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மேஜர் செந்தில் வந்தார். இளைஞர், மரியாதை தெரிந்தவர், வாசலிலேயே செருப்பைக் கழற்றி எனக்கு முதலில் வணக்கம் சொன்னார். மல்லிகா வடையும் காபியும் கொண்டுவந்து வைத்தாள். நான் ஆரம்பித்தேன். வெள்ளைக் குதிரை, நெற்றியில் கறுப்புப் பொட்டு, நிழலில் சவார், டிரம்பெட். எத்தனையோ முறை சொன்ன கதை, தடங்கலே இல்லாமல் வந்தது. மேஜர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"சாப், தப்பா நெனைச்சுக்காதீங்க. நான் சின்ன வயசுலருந்து குதிரை ஏர்றவன். எங்க தாத்தா வளத்தார். இப்பவும் போலோ விளையாடறேன். கீழ படுத்துக் கெடக்கற ஆள மிதிக்கறதுக்குக் குதிரைக்கு மனசு வராதுங்க. மெரண்டு ஓடற குதிரைகூட முடிஞ்ச வரைக்கும் தாண்டித்தான் போகும். நிழல்ல படுத்தவன, நின்னுட்டிருந்த குதிரை மிதிச்சுதுன்னா எனக்கு நம்பிக்கை வரலீங்க."

எனக்குத் திருநீர்மலைக் குதிரை தூக்கிய கால் கண்முன் வந்தது. மல்லிகாவுக்கும் வந்திருக்க வேண்டும், என்னைத் திரும்பிப் பார்த்தாள். எத்தனை வருஷமாக எத்தனை பேர் அந்தக் கதையைக் கேட்டு அழுதிருக்கிறோம். ஒருவனுக்கும் சந்தேகம் வரவில்லை. எப்படி வரும்? குதிரைப்படை என்று மார்தட்டிக்கொண்ட அத்தனை பேரில் குதிரையைக் கிட்டத்தில் பார்த்தவன் ஒருவன்கூட இல்லை. கதை கட்டிய குப்புசாமி சாப் உட்பட.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு கண்ணும் கலங்கிவிட்டது. அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. களித்தரை, நிழல், மாதவன், சுத்தியல், விருந்து என்று எல்லாவற்றையும் சொன்னேன். குப்புசாமி சாப் லாரிக்குப் பின்னால் வாந்தி எடுத்ததையும் சொன்னேன். அதை அதுவரை மல்லிகாவிடம்கூடச் சொன்னதில்லை.

"அந்த டின் இப்ப எங்கங்க சாப்?" என்றார் மேஜர்.

"மல்லிகா, கிரைண்டருக்கு அடியில இருக்கறத எடுத்தா."

எங்கள் சமையலறையில் ஒரு மூலையில் தரை பள்ளம். கிரைண்டரின் ஒரு கால் நிற்காமல் ஆடும். அந்தப் பள்ளத்துக்கு அந்த டின் அளவெடுத்த மாதிரி பொருந்திவிட்டது. வருஷக்கணக்கில் அதற்கு அதுதான் வேலை.

"அத்த எடுத்தா கிரைண்டர் ஆடும்" என்று முணுமுணுத்துக்கொண்டே எடுத்துவந்து, முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள். மேஜர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். விரலால் தடவிப் பார்த்தார். அதன்மேல் செயினின் அச்சு இன்னும் பதிந்திருக்கிறது.

"சார், நெஜத்த சொல்லிட்டேன். அதனால தட்டுறத நிறுத்திடுவீங்களா?" என்று கேட்டேன்.

"அது என் கைல இல்லைங்க சாப். கமாண்டன்ட்கிட்ட இருக்கறத இருக்கறபடி சொல்லணும். இத நான் கொண்டுபோகலாங்களா?"

மல்லிகா வாசல்வரை போனாள். "சார், எங்கூட்டுக்காரரு உயிரக் காப்பாத்தனவரு அவரு. அவரு பேரு மட்டும் கெடாத பாத்துக்கங்க" என்றாள். மேஜர் அவளுக்கும் ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்து வந்த நாட்கள் நன்றாக இல்லை. சாப்பாடு இறங்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் காரைப் பின்னால் எடுத்தால் எனக்கு இங்கே உட்கார முடியவில்லை, எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்ப்பேன். கிரைண்டருக்கு அடியில் மல்லிகா அட்டையை மடித்து வைத்தாள், மரக்கட்டையை வைத்தாள். எதுவும் நிற்கவில்லை. மாவு அரைக்கும்போது கிரைண்டர் தடதடவென்று ஆடும். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம், வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே, சாப் என்னை நம்பி ஒப்படைத்ததை நானே கெடுத்துவிட்டேனே என்று மனம் அடித்துக்கொள்ளும்.

பங்குனி பிறந்த பிறகுதான் மேஜரின் போன் வந்தது. எடுப்பதற்கே பயமாக இருந்தது.

"சாப், நல்லாருக்கீங்களா? உங்க டின்ன கமாண்டன்ட் மேசைமேல வச்சேன். நடந்தத சொன்னேன். அவர் எல்லா ஸ்குவாட்ரன் கமாண்டரையும் கூப்ட்டு, ஒவ்வொருத்தர் கையிலயும் அதக் கொடுத்துத் தொட்டுப் பாக்கச் சொன்னார். அதுக்கப்புறம் நேரம் போகுதுன்னு ஒருத்தரும் பேசலைங்க. கேமராவும் இருக்கும், தட்டும் இருக்கும்னு ஆர்டர் ஆயிடுச்சு."

அப்பாடா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"கல்லு?" என்று கேட்டேன்.

"கல்லுல குதிரை இல்லைங்க சாப். ரிசால்தார் குப்புசாமி ஆரம்பிச்சு வச்ச பழக்கம்னு இருக்குது. சுத்தியல் எறிஞ்சதும் இருக்குது. டின்ன அதுக்குப் பக்கத்துலயே கண்ணாடிப் பெட்டில வச்சிருக்கோம்."

அம்மாவிடம் சொல்லுங்கள் என்றார் மேஜர். சொல்ல வேண்டியிருக்கவில்லை. மல்லிகா என் தோளுக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆனா ஒரு சிக்கல் வந்துச்சுங்க சாப்" என்று மேஜர் தொடர்ந்தார். "மோத்தி இல்லைன்னு தெரிஞ்சதும், அப்ப தட்டிட்டு யார் பேரச் சொல்றதுன்னு பசங்க கேட்டாங்க. நாங்க யாரும் எதுவும் சொல்லலைங்க. அவங்களே ஒண்ணு ஆரம்பிச்சுட்டாங்க. வீடியோ அனுப்பியிருக்கேன், பாருங்க."

மல்லிகாதான் வாட்ஸ்அப்பைத் திறந்தாள். வெயிலில் ஒரு டாங்கி நிற்கிறது. எண்ணெய்க் கறை படிந்த உடுப்பில் யாரோ ஒரு வடக்கத்திப் பையன் ஸ்பேனரோடு பின்னால் வருகிறான். மூன்று முறை தட்டுகிறான். அப்புறம் தொண்டை கிழியக் கத்துகிறான்: "உட்டோ, ஏலுமலை, உட்டோ!" எழுந்திரு, ஏழுமலை, எழுந்திரு. குனிந்து செயினுக்குப் பக்கத்தில் பார்க்கிறான், சுற்றி வருகிறான், கையைக் காட்டுகிறான். டாங்கி கிளம்பிப் போகிறது.

நாங்கள் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். அன்றைக்கு அந்த நிழலில் எனக்குக் கேட்டிருக்க வேண்டிய வார்த்தை அது. என்னைப் பார்த்தே இராத பிள்ளைகள் தினமும் எனக்காக அதைச் சொல்கிறார்கள். நெடுநாளைக்குப் பிறகு அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டேன். சாப்பிட்டுவிட்டுப் பட்டப்பகலில் படுத்து அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன்.

மல்லிகா வந்து கட்டில் சட்டத்தில் கரண்டியால் மூன்று முறை தட்டினாள்.

"அங்க ஒரு பட்டாளமே உன்ன எழுப்பிக்கினு கீது, நீ இன்னான்னா இன்னும் தூங்கிக்கினு கீற. ஏந்திரு. மாவாட்டணும், கிரைண்டரு நிக்க மாட்டேங்குது. வந்து புடி."

எழுந்து போய்ப் பிடித்துக்கொண்டேன்.